உறுப்பினர் பட்டியல் எங்கே இருக்கட்டும்? கூகுள் படிவமா, காப்பீட்டுக் கம்பெனியின் ஆப்பா, பழைய புத்தகமா

தோட்டத்திலிருந்து தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) குடிவந்தவர்கள் கையோடு கொண்டுவந்த பழக்கங்களில் மரணச் சகாய நிதியும் ஒன்று. வீட்டுக்கு மாதம் பத்து வெள்ளி (ரிங்கிட்) சந்தா. யாராவது தவறிவிட்டால் அன்றைக்கே ஒரு தொகை அந்த வீட்டுக்குப் போய்விடும். பந்தலுக்கும் வண்டிக்கும் யாரிடம் கைநீட்டுவது என்று குடும்பம் தவிக்க வேண்டியதில்லை. மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் நாங்கள் நடத்துவதும் அப்படிப்பட்ட ஒரு சின்ன நிதிதான். ஆண்டுக்கூட்டத்துக்கு முன் செயலவை முடிவு செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: உறுப்பினர் விவரங்களை இனி எதில் வைப்பது?

இளைஞர்கள் கூகுள் படிவம் என்கிறார்கள். பொருளாளருக்குத் தெரிந்த காப்பீட்டு ஏஜெண்டு ஒருவர், பட்டியலைக் கொடுத்தால் தங்கள் கம்பெனி ஆப்பிலேயே எல்லாரையும் ஏற்றி, குழுக் காப்பீடும் போட்டுத் தருவதாகச் சொல்கிறார். இப்போது இருப்பது பழைய புத்தகம். இவற்றுக்கு நடுவில், மடிக்கணினியில் ஒரு எக்செல் கோப்பாக வைத்தால் போதாதா என்று நானே ஒன்றைச் சேர்த்தேன். எங்களைப் போலவே கோயில் நிர்வாகமும் முன்னாள் மாணவர் சங்கமும் டியூஷன் நிலையமும் இதே கேள்வியோடு நிற்பதால், நாங்கள் எடைபோட்ட விதத்தை எழுதிவைக்கிறேன்.

முதலில் பட்டியலில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். எங்கள் புத்தகத்தில் ஒரு வரியை எடுத்தால் பெயர், ஐசி (அடையாள அட்டை) நம்பர், வீட்டு முகவரி, கைபேசி, துணைவர் பெயர், பிள்ளைகள் பெயர், வாரிசு, வாரிசின் வங்கிக் கணக்கு எண் எல்லாம் இருக்கும். பழைய பக்கங்களில் கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு. சில பெயர்களுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ‘சி.ஐ.’ என்று இரண்டெழுத்து. சிவப்பு ஐசி வைத்திருப்பவர் என்று பழைய செயலாளர் போட்ட குறி அது. அரசாங்க உதவிப்பணம் அவர்களுக்குக் கிடைக்காது என்பதால் நிதியில் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கலாம் என்ற நல்ல எண்ணத்தில் போட்டது. அதே குறி வேறு யார் கைக்காவது போனால், இந்த ஊரில் யார் யார் இன்னும் குடியுரிமை இல்லாமல் இருக்கிறார்கள் என்று காட்டும் பட்டியலாகிவிடும்.

ஐசி நம்பரைச் சும்மா ஒரு நம்பர் என்று நினைக்கிறவர்கள் அதிகம். பன்னிரண்டு இலக்கத்தில் முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த இடத்தின் குறியீடு; 08 என்றிருந்தால் பேராக்கில் பிறந்தவர். கடைசி இலக்கம் ஒற்றைப்படையென்றால் ஆண், இரட்டைப்படையென்றால் பெண். நம்பரைச் சொன்னாலே பாதி ஜாதகத்தைச் சொன்ன மாதிரி. மக்காவ் ஸ்கேம் என்னும் போன் மோசடிக்காரன் நம் வீட்டுப் பாட்டிக்குப் போன் போட்டு, ‘போலீஸ் தலைமையகம் புக்கிட் அமானிலிருந்து பேசுகிறோம், உங்கள் ஐசி நம்பர் இதுதானே’ என்று வாசித்துக் காட்டும்போது பாட்டி பயந்துபோவது இதனால்தான். நம்பர் சரியாக இருக்கிறதே, அப்போது ஆள் உண்மையான போலீஸ்தானே என்று நினைக்கிறார். ஆலோங் எனப்படும் வட்டிக்காரனுக்கும் வேண்டியது ஐசியின் இரண்டு பக்கப் படமும் வீட்டு முகவரியும்தான். கடன் வாங்கியவர் ஓடிவிட்டால் சிவப்புப் பெயிண்ட் வந்து விழுவது அந்த முகவரியில்.

ஆக, எங்கள் பட்டியலுக்கு விலை உண்டு. இதை ஒத்துக்கொள்ளவே செயலவைக்கு ஒரு கூட்டம் பிடித்தது.

“சைபர் சட்டம்தான் வந்திருச்சே அண்ணே, இனிமே யாரும் நம்ம டேட்டாவைத் தொட முடியாதுல்ல?” என்று ஒரு தம்பி கேட்டார். இந்த நம்பிக்கை ஊரில் நிறையப் பேரிடம் இருக்கிறது. பெயர் தருகிற மயக்கம் இது. இணையப் பாதுகாப்புச் சட்டம், அதாவது சட்டம் 854, 2024 ஆகஸ்ட் 26 முதல் நடப்பில் இருக்கிறது. நாட்டுக்கு இன்றியமையாதவை என்று 11 துறைகளை அது குறித்திருக்கிறது. வங்கி, மருத்துவம், மின்சாரம், தண்ணீர் ஆகியவற்றோடு விவசாயமும் தோட்டத்துறையும் அந்த 11-இல் அடக்கம். அந்தத் துறைகளில் முக்கியக் கட்டமைப்பு வைத்திருப்பதாகக் குறிக்கப்பட்ட நிறுவனத்தின் கணினிக்குள் யாராவது புகுந்தால், 6 மணி நேரத்துக்குள் நாக்சா என்னும் தேசிய இணையப் பாதுகாப்பு நிறுவனத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். விவரங்களைக் கேட்டு வாங்கும் அதிகாரமும் அதன் தலைமை நிர்வாகிக்கு உண்டு. நல்ல சட்டம்தான். ஆனால் அது காப்பது கணினி அமைப்பை. தோட்டக் கம்பெனியின் சம்பளக் கணினிக்குள் திருடன் புகுந்தால் கம்பெனி அரசாங்கத்துக்குச் சொல்ல வேண்டும். செம்பனைக் குலை வெட்டுகிறவரின் வங்கிக் கணக்கு எண் போய்விட்டதே, அவருக்கும் சொல்லுங்கள் என்று வற்புறுத்துவது இந்தச் சட்டத்தின் வேலை இல்லை.

அது இன்னொரு சட்டத்தின் வேலை: 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பி.டி.பி.ஏ. நடப்புக்கு வந்தது 2013 நவம்பர் 15-இல். நீண்ட காலம் பல் இல்லாமல் கிடந்தது. 2024-இல் திருத்தம் வந்து, 2025-இல் கட்டம் கட்டமாக அமலாகியது. 2025 ஜூன் 1 முதல், தகவல் கசிந்தால் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்கு 72 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். பாதிப்பு கடுமையாக இருக்கும் என்றால் சம்பந்தப்பட்டவர்களுக்கும் அதன்பின் 7 நாளுக்குள் சொல்ல வேண்டும். கொள்கைகளை மீறினால் விதிக்கப்படும் உச்ச அபராதம் 3 லட்சம் வெள்ளியிலிருந்து 10 லட்சத்துக்கும், சிறைத்தண்டனை 2 ஆண்டிலிருந்து 3 ஆண்டுக்கும் ஏறியது. இதையெல்லாம் கேட்கும்போது தெம்பாகத்தான் இருக்கிறது. ஆனால் சட்டத்தில் இரண்டு பெரிய ஓட்டைகள் தொடக்கத்திலிருந்தே இருக்கின்றன, திருத்தத்துக்குப் பிறகும் அடைபடவில்லை. மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் இது பொருந்தாது. வணிகப் பரிவர்த்தனையோடு சேர்ந்த தகவலுக்கு மட்டுமே பொருந்தும்.

அரசாங்கத்திடம் இருக்கும் தகவலுக்கு 2025 ஏப்ரல் 28 முதல் தனியாக ஒரு தரவுப் பகிர்வுச் சட்டம் இருக்கிறது. மத்திய அரசு நிறுவனங்கள் தங்களுக்குள் தகவலைப் பகிர்ந்துகொள்வதற்கான முறையை வகுப்பது அது. ஓர் இலாகாவில் கொடுத்ததை இன்னோர் இலாகாவில் மறுபடி கொடுக்க வேண்டியதில்லை என்ற வசதிக்கு அது வழிவிடும். இலாகா இலாகாவாக ஐசி நகலோடு அலைந்தவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அரசாங்கக் கணினியிலும் கதவு திறந்துகொள்ளும். அரசாங்கத்தின் கோவிட் ஆப்பான மைசெஜாத்ராவில் ஓர் உயர்நிலைக் கணக்கைப் பயன்படுத்தி 30 லட்சம் பேரின் தடுப்பூசி விவரம் பதிவிறக்கம் செய்யப்பட்டதை, 2023-இல் வெளிவந்த தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை சொன்னது.

சுங்கை சிப்புட்காரர்களுக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் நினைவாற்றல் வேண்டும். 1948 ஜூன் 16 காலை, எல்பில் தோட்டத்தில் அதன் துரை ஆர்தர் வாக்கர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே காலையில் பின் சூன் தோட்டத்தில் இன்னும் இரண்டு துரைமார் கொல்லப்பட்டார்கள். அடுத்த இரண்டு நாளில், கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் மலாயா முழுக்க விரிந்தது. 12 வயதைத் தாண்டிய எல்லாருக்கும் படமும் கட்டைவிரல் ரேகையும் வைத்த அடையாள அட்டை வந்ததும் அந்த அவசரகால விதிகளின் கீழ்தான். அவசரகாலம் 1960 ஜூலை 31-இல் முடிந்தது. அட்டை முடியவில்லை. 2001-இல் அதற்குள் சிப்பு வந்து மைகாட் ஆனது. இப்போது அந்த அட்டையை நீட்டித்தான் பூடி 95 என்னும் அரசாங்க மானிய விலையில் பெட்ரோல் ஊற்றுகிறோம், சாரா என்னும் அரசாங்க உதவியில் அரிசி, எண்ணெய் வாங்குகிறோம். நல்லதோ கெட்டதோ, ஒரு காரணத்துக்காகச் சேர்த்த தகவல் அந்தக் காரணம் போன பிறகும் இருக்கும், புதுப்புது வேலைக்குப் பயன்படும். எங்கள் புத்தகத்துச் சிவப்பு மையையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

“பெட்ரோல் ஸ்டேஷன்லயே ஐசியைக் குடுக்குறோம், இங்க மட்டும் எதுக்கு இவ்வளவு ஆராய்ச்சி?” என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். அங்கே கொடுக்காவிட்டால் மலிவு விலை இல்லை, நமக்கு வேறு வழி கிடையாது. இங்கே முடிவெடுப்பது நாம். அதுவும் நம்மை நம்பிக் கொடுத்தவர்களின் தகவல்.

இனி ஒவ்வொன்றாக வருகிறேன்.

கூகுள் படிவத்தின் வசதியை மறுக்க முடியாது. கோலாலம்பூரிலும் ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் வேலை செய்யும் பிள்ளைகள் அங்கிருந்தே அப்பா அம்மா பெயரைப் பதிந்துவிடுவார்கள். கூட்டல் கழித்தல் தானே நடக்கும். செலவு இல்லை. ஆனால் இந்த வழியில் கெட்டுப்போவது பெரும்பாலும் சட்டத்தாலோ ஹேக்கராலோ இல்லை, இரண்டு சின்னப் பொத்தான்களால். படிவத்தின் அமைப்பில், பதில்களின் தொகுப்பை எல்லாருக்கும் காட்டு என்று ஒன்று இருக்கிறது. அதைத் தட்டிவைத்தால், பூர்த்தி செய்து முடித்த ஒவ்வொருவரும் மற்றவர்கள் எழுதியதையும் பார்க்கலாம். ஐசி நம்பர் உட்பட. இன்னொன்று, பதில்கள் போய்ச் சேரும் கூகுள் ஷீட்டை ‘லிங்க் வைத்திருக்கும் யாரும் பார்க்கலாம்’ என்று திறந்துவிடுவது. செயலவையில் ஆறு பேருக்குத் தனித்தனியாக அனுமதி கொடுக்கச் சோம்பல்பட்டு இதைத்தான் செய்வார்கள். அந்த லிங்க் வாட்ஸ்அப்பில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போய்க்கொண்டே இருக்கும். மூன்று வருடம் கழித்துச் செயலவை மாறியிருக்கும், லிங்க் மட்டும் திறந்தபடி கிடக்கும்.

அடுத்தது, தகவல் யார் கையில் இருக்கிறது என்பது. இருப்பது அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் கணினியில். அமெரிக்கச் சட்டத்துக்கும் செம்பனைத் தோட்டத்து ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். 2018-இல் அங்கே வந்த கிளவுட் சட்டத்தின்படி, அமெரிக்கக் கம்பெனியின் பொறுப்பில் உள்ள தகவல் உலகில் எந்த நாட்டுக் கணினியில் இருந்தாலும், முறையான உத்தரவு காட்டினால் அமெரிக்க அதிகாரிகளுக்குக் கொடுக்க வேண்டும். அதற்கும் முன்னால் சிஸ்பா என்றொரு மசோதா. இணையத் தாக்குதலைத் தடுக்கக் கம்பெனிகளும் அரசாங்கமும் தகவலைப் பகிர்ந்துகொள்ள வழிசெய்வது அதன் நோக்கம். மற்றச் சட்டங்கள் என்ன சொன்னாலும் பகிரலாம், நல்லெண்ணத்தோடு பகிர்ந்த கம்பெனி மீது வழக்குப் போட முடியாது என்ற ஏற்பாடுதான் தனியுரிமைக்காரர்களைக் கிளப்பிவிட்டது. பிரதிநிதிகள் சபையில் 2012 ஏப்ரலில் 248க்கு 168, 2013 ஏப்ரலில் 288க்கு 127 என்று இருமுறை நிறைவேறியும் செனட்டில் தேறவில்லை. ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2015 டிசம்பரில் சிசா என்ற பெயரில், பெரிய செலவினச் சட்டம் ஒன்றுக்குள் சேர்ந்து வந்து கையெழுத்தாகிவிட்டது. தாக்குதலோடு நேரடித் தொடர்பில்லாத தனிநபர் விவரம் இருப்பது தெரிந்தால் நீக்கிவிட்டுப் பகிர வேண்டும் என்ற நிபந்தனை இதில் சேர்ந்தது. வழக்கிலிருந்து பாதுகாப்பு அப்படியே நின்றது.

எங்கள் நிதியின் சந்தாக் கணக்கை வாஷிங்டனில் யாரும் தேடப்போவதில்லை, அதை நான் சொல்ல வரவில்லை. கவனிக்க வேண்டியது வேறு. தகவல் யாரிடம் இருக்கிறதோ அவரிடம்தான் கேட்பார்கள். அவர் கொடுத்தால் நமக்குத் தெரியவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இது அமெரிக்காவில் மட்டும் நடப்பதும் இல்லை. 2025-இல் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் அந்த ஆண்டின் முதல் மூன்று மாதத்துக் கைபேசித் தரவைத் தொலைபேசிக் கம்பெனிகளிடம் கேட்டது. சுற்றுலா, தொலைத்தொடர்புப் புள்ளிவிவரத்துக்காக என்றும், ஆள் அடையாளம் தெரியாதபடி செய்த தரவு என்றும் ஆணையம் விளக்கியது. இருக்கலாம். கேட்கப்பட்டது கம்பெனிகள், சந்தாதாரர்களான நாம் செய்தியில் படித்துத் தெரிந்துகொண்டோம். எனக்கு இதுவே முக்கியமான அளவுகோலாகப் பட்டது: நம் பட்டியலை யாராவது கேட்டால், அந்தக் கேள்வி நம் வாசலுக்கு வருமா?

இந்த அளவுகோலில் காப்பீட்டு ஏஜெண்டின் ஆப் எங்கே நிற்கிறது? மேலோட்டமாகப் பார்த்தால் இதுதான் சட்டப்படி மிகப் பத்திரமானது. காப்பீடு வணிகப் பரிவர்த்தனை, பி.டி.பி.ஏ. முழுசாகப் பொருந்தும். கசிந்தால் சொல்ல வேண்டும், தவறினால் அபராதம். எங்களைப் போன்ற சின்ன நிதியைவிட அவர்களுடைய கணினிப் பாதுகாப்பு பல மடங்கு உயர்வாகத்தான் இருக்கும். ஏஜெண்டும் கெட்டவர் இல்லை. “ஐயா, எல்லாம் சிஸ்டத்துல ஏத்திட்டா உங்களுக்கு வேலை மிச்சம். பேரு, ஐசி, போன் நம்பர் லிஸ்ட்டா அனுப்புங்க, எக்செல்லா இருந்தாலும் சரி, புக்கைப் படம் புடிச்சு அனுப்புனாலும் சரி, மத்தத நான் பாத்துக்கிறேன்” என்றார்.

அவர் கொடுத்த தனியுரிமை அறிவிப்பை உட்கார்ந்து படித்தேன். மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. சட்டம் கேட்பதும் அந்த இரண்டு மொழிகளைத்தான், தமிழில் கொடுக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. பாட்டிகளுக்கும் தாத்தாக்களுக்கும் அதை வாசித்து விளக்க வேண்டியது யார்? நாங்கள்தான். அறிவிப்பின் நடுப்பகுதியில், தகவலைக் குழும நிறுவனங்கள், வணிகப் பங்காளிகள், சேவை வழங்குநர்கள் ஆகியோருடன் பகிரலாம் என்று ஒரு வாக்கியம். பங்காளிகள் யார் என்ற பட்டியல் இல்லை. விளம்பரத்துக்குச் சம்மதம் என்ற கட்டத்தில் முன்கூட்டியே டிக் போட்டிருந்தது. இப்படிப்பட்ட அறிவிப்பு அந்தக் கம்பெனிக்கு மட்டும் உரியதில்லை, தொலைபேசி பிளான் எடுத்தாலும் கடையில் மெம்பர் கார்டு போட்டாலும் இதே வாசகம்தான். அரசாங்கத்தோடு பகிர்வதைப் பற்றி ஊரே பேசுகிறது. கம்பெனி கம்பெனியோடு பகிர்வதைப் பற்றிப் பேச்சே இல்லை, நாம் கையெழுத்துப் போட்டுச் சம்மதித்துவிட்டோம் என்பதால்.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரு முறை போனது திரும்பி வராது. 2017-இல் 4 கோடியே 62 லட்சம் கைபேசி எண்களின் விவரம் வெளியானது நினைவிருக்கும். அன்றைய மக்கள் தொகையைவிட அதிகம். ஆளுக்கு இரண்டு மூன்று சிம் இருந்ததால் வந்த கணக்கு. பெயர், ஐசி, முகவரி எல்லாம் அதில் இருந்தன. சிம் மாற்றிவிடலாம். ஐசி நம்பரை எப்படி மாற்றுவது?

பட்டியலை ஏஜெண்டுக்கு மொத்தமாகக் கொடுப்பதில் எனக்கு இருக்கும் பெரிய தயக்கம், சம்மதம் எங்களுடையது இல்லை என்பதுதான். எங்கள் உறுப்பினர் மாரியாயி பாட்டி சாவுச் செலவுக்காக நிதியில் சேர்ந்தார். காப்பீடு விற்கப் போன் வருவதற்காகச் சேரவில்லை. ஒரு காரணத்துக்குக் கொடுத்ததை இன்னொரு காரணத்துக்குக் கொடுக்கக் கூடாது என்பது பி.டி.பி.ஏ.-யின் ஏழு கொள்கைகளில் ஒன்று. அந்தச் சட்டம் எங்களைப் போன்ற நிதியைக் கட்டுப்படுத்துகிறதா என்று வழக்கறிஞர்கள் வாதாடட்டும். நியாயம் புரிவதற்கு வக்கீல் வேண்டாம்.

பழைய புத்தகத்தைப் பற்றி நல்லது நிறையச் சொல்லலாம், கெட்டதும் சொல்ல வேண்டும். நல்லது: ஹேக் செய்ய முடியாது, லிங்க் கிடையாது, ஃபார்வர்டு ஆகாது. போலீஸோ நீதிமன்றமோ கேட்டால் செயலாளரிடம் வந்துதான் கேட்க வேண்டும், அப்போது செயலவைக்கும் தெரியும். கெட்டது: கரையான், மழை ஒழுக்கு, நெருப்பு. ஒரே பிரதி. அதைவிட ஆபத்து, தேர்தலில் தோற்ற செயலாளர் கோபத்தில் புத்தகத்தைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொள்வது. நம் சங்கங்களில் இதைப் பார்க்காதவர் யார்? புத்தகத்தை யாராவது கைபேசியில் படம் பிடித்துவிட்டால் கசிந்ததே தெரியாது என்பதும் உண்மை. ஆனால் படம் பிடிக்க ஒருவர் வீட்டுக்குள் வந்து அலமாரியைத் திறந்தாக வேண்டும்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத் தனிப்பட்ட தகவல் என்ற பேச்சே கொஞ்சம் புதுசுதான். கிராணியின் (தோட்டத்துக் கணக்கர்) செக்ரோலில், அதாவது வேலைப் பதிவேட்டில், யார் வேலைக்கு வந்தார், யார் வரவில்லை, யாருக்கு எவ்வளவு முன்பணம் என்று எல்லாம் இருந்தது. பெரட்டில் (காலை ஆள் கணக்கெடுப்பில்) நிற்கும்போது ஊரே கேட்கப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஆனால் அந்தச் செக்ரோல் தோட்டத்து ஆபீஸைத் தாண்டிப் போகவில்லை.

நான் சேர்த்த நான்காவது வழி, எக்செல் கோப்பு, கொஞ்சம் வேலை தெரிந்த ஆள் இருந்தால் மட்டும் சரிப்படும். கோப்பைத் திறக்கவே கடவுச்சொல் கேட்கும்படி பூட்டினால் உள்ளே இருப்பது உண்மையிலேயே குறியாக்கம் ஆகிவிடும். ஷீட்டை மட்டும் ‘புரொடெக்ட்’ செய்வது பூட்டே இல்லை, தெரியாமல் தட்டிவிடாமல் இருப்பதற்குத்தான். இரண்டையும் ஒன்று என்று நினைத்துப் பலர் ஏமாறுகிறார்கள். கோப்பு மடிக்கணினியிலேயே இருக்க வேண்டும், ஆனால் இன்றைய விண்டோஸ் மடிக்கணினி கேட்காமலே டெஸ்க்டாப்பை ஒன்டிரைவில் ஏற்றிவிடக்கூடும், அதைப் போய் நிறுத்த வேண்டும். கடவுச்சொல்லைத் தெரிந்தவர் ஒருவர் மட்டும் என்றால், அவருடைய சாவுக்கு நிதி கொடுக்க வேண்டி வரும்போது கோப்பு திறக்காது. சிரிக்காதீர்கள், மரணச் சகாய நிதியில் இதையெல்லாம் யோசித்துத்தான் ஆக வேண்டும்.

இடையில் ஒரு கிளைக்கேள்வி, தகவல் சொல்ல எந்த ஆப் என்பது. வாட்ஸ்அப்பில் 2016 முதல் செய்தி அனுப்புகிறவரும் பெறுகிறவரும் மட்டும் படிக்கும்படி முழுக் குறியாக்கம் உண்டு. யார் யாரோடு எப்போது பேசினார் என்ற விவரம் அந்தக் காப்பில் வராது. கூகுள் டிரைவில் ஏறும் காப்புப் பிரதிக்கு அந்தக் குறியாக்கத்தை நாமாகப் போய் இயக்க வேண்டும். டெலிகிராமைப் பத்திரம் என்று நினைக்கிறவர்கள் ஊரில் அதிகம். ஆனால் அதன் குழு உரையாடல்களுக்கு முழுக் குறியாக்கமே கிடையாது, இருவர் பேசும் ரகசிய உரையாடலுக்கு மட்டும்தான். சிக்னலிடம் 2016-இல் அமெரிக்க நீதித்துறை உத்தரவு போட்டுக் கேட்டபோது, கணக்குத் தொடங்கிய நேரமும் கடைசியாக இணைந்த நாளும் தவிரக் கொடுக்க அவர்களிடம் ஒன்றும் இல்லை. இல்லாததை யாரும் கேட்டு வாங்க முடியாது. எனக்குச் சிக்னல்தான் பிடிக்கும், ஆனால் எழுபது வயது உறுப்பினர்களை அதற்கு மாற்றுவது நடக்கிற காரியம் இல்லை. வாட்ஸ்அப்பே போதும், சாவுச் செய்திக்கும் கூட்ட அறிவிப்புக்கும் மட்டும்.

செயலவையில் நான் வைத்த யோசனை எல்லாருக்கும் பிடிக்கவில்லை. ஐசி நம்பர், வாரிசு, வங்கிக் கணக்கு மூன்றும் புத்தகத்தில் மட்டும். புத்தகம் செயலாளர் வீட்டில் இல்லாமல், நாங்கள் கூட்டம் போடும் மண்டபத்து இரும்பு அலமாரியில். இரண்டு சாவி, இரண்டு பேரிடம். ஆண்டுக்கு ஒரு தடவை ஒளிநகல் எடுத்து, உறையில் அரக்கு வைத்துப் பொருளாளரிடம். சந்தாக் கணக்கு எக்செல்லில்: பெயர், உறுப்பினர் எண், கட்டிய மாதம், அவ்வளவுதான். அதில் ஐசி வேண்டியதே இல்லை, உறுப்பினர் எண் இருக்கிறது. கூகுள் படிவம் வேண்டுமென்றால் கூட்டத்துக்கு யார் வருகிறார், எத்தனை பேருக்குச் சாப்பாடு என்று கேட்க மட்டும். இளைஞர்களுக்கு இது பின்னுக்குப் போகிற மாதிரி தெரிகிறது. வெளியூர்ப் பிள்ளைகள் பதிவுக்காக ஊருக்கு வரவேண்டியிருக்கும் என்று அவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. தீபாவளிக்கு வரும்போது கையெழுத்துப் போடட்டும் என்று சமாதானம் ஆனோம்.

சிவப்பு மைக் குறியை எடுத்துவிடுவது என்று முடிவாகியிருக்கிறது. கூடுதல் உதவி தேவைப்படும் வீட்டைச் செயலவைக்குத் தெரியாதா என்ன, அதற்குப் பட்டியல் எதற்கு? இறந்துபோய்க் கணக்கு முடிந்த குடும்பங்களின் வங்கி எண்களையும் அழிக்கிறோம். வாட்ஸ்அப் குழுவில் இதுவரை அனுப்பிய ஐசி படங்களை அனுப்பியவரும், தங்கள் கைபேசியில் மற்ற எல்லாரும் நீக்க வேண்டும் என்று குழுவிலேயே அறிவிப்புப் போட்டாயிற்று. எத்தனை பேர் செய்வார்கள் என்பது வேறு கதை. சந்தேகமாக யாராவது போன் போட்டுக் காசு அனுப்பச் சொன்னால், அல்லது அனுப்பித் தொலைத்துவிட்டால், உடனே மோசடிப் புகார் எண்ணான 997-க்கு அழைக்க வேண்டும் என்பதையும் அதே அறிவிப்பில் சேர்த்தோம்.

காப்பீட்டை நாங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. மாதம் பத்து வெள்ளியில் ஒரே மாதத்தில் நாலு சாவு வந்தால் நிதி தாங்காது, குழுக் காப்பீடு அதற்கு நல்ல வழி. ஏஜெண்டிடம் மூன்று நிபந்தனை சொல்லியிருக்கிறோம். பட்டியல் எங்களிடமிருந்து வராது. சேர விரும்புகிறவர் தானே அவரிடம் பாரத்தைப் பூர்த்தி செய்வார். விளம்பரக் கட்டத்தில் முன்கூட்டியே டிக் இருக்கக் கூடாது, போட்டவர்களும் பி.டி.பி.ஏ. 43-ஆம் பிரிவின்படி எழுத்தில் கொடுத்து எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்பதை அவரே தமிழில் விளக்க வேண்டும். மூன்றாவது, ‘வணிகப் பங்காளிகள்’ யார் யார் என்று கம்பெனி எழுத்தில் தர வேண்டும். முதல் இரண்டுக்கும் உடனே சரி என்றார். மூன்றாவதற்குத் தலைமையகத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்று போனவர் இன்னும் பதில் தரவில்லை. ஆண்டுக்கூட்டத்துக்குள் வந்தால் உறுப்பினர்கள் முன்னால் வாசிப்போம். வராவிட்டால் காப்பீடு அடுத்த ஆண்டு நிகழ்ச்சி நிரலுக்குப் போகும்.